பயந்த காசு

சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்கள் யூடியூபில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரே பிரசங்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். சின்ன டேபிளில் ஜெயித்துவிட்டாயா? பெரிய டேபிளுக்கு ஏறு. ஏறும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்தப் பயம்தான் உன் எதிரி. அதை வென்றுவிட்டால் நீ ராஜா. பின்னணியில் சினிமா மாதிரி ஒரு இசை. முடிந்தது பிரசங்கம்.

இதில் ஒரு வரிகூட எனக்குச் சம்மதமில்லை. பயம் வந்தால் வெல்ல வேண்டியதில்லை, எழுந்து வீட்டுக்கு வரலாம் என்பது என் கட்சி. முப்பத்தைந்து வருஷம் பாங்க்கில் அடுத்தவர் பணத்தை எண்ணிய கை இது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ரம்மி தெரியும், போக்கர் அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஒரு சின்ன விளக்கம். ரம்மியில் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டுதானே உட்காருவோம்? ஃபுல் கவுண்ட் 80 பாயிண்ட். அஞ்சு பைசா ஆட்டம் என்றால் ஒரு கைக்கு அதிகபட்சம் 4 ரூபாய் போகும். பாயிண்டுக்கு 1 ரூபாய் என்றால் 80, 10 ரூபாய் என்றால் 800. சீட்டு அதே 13, ஜோக்கர் அதே ஜோக்கர். மாறுவது பூஜ்யம் மட்டும். போக்கரிலும் அதே கதைதான். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் பணம் வைக்க வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். 5 - 10 டேபிள் என்றால் ஒருவர் 5 ரூபாய், அடுத்தவர் 10 ரூபாய். வழக்கமாகப் பெரிய பிளைண்டைப் போல் நூறு மடங்கு பணத்தோடு உட்காருவார்கள். ஆக 5 - 10 டேபிளுக்கு ஆயிரம் ரூபாய், 25 - 50 டேபிளுக்கு ஐயாயிரம். ஒரு டேபிளிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதைத்தான் "ஸ்டேக்ஸ் ஏறுவது" என்கிறார்கள்.

பிரசங்கிகள் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயந்த காசு ஜெயிக்காது என்று போக்கர் உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். பயந்து ஆடுகிறவன் நல்ல சீட்டு வைத்துக்கொண்டே எதிராளி பணத்தைக் கூட்டியதும் மடக்கிவிடுவான். எதிரே இருப்பவனுக்கு இது இரண்டு சுற்றில் தெரிந்துவிடும். அப்புறம் அவன் வெறுங்கையை வைத்துக்கொண்டே மிரட்டிப் பிடுங்குவான். நம் மனமகிழ் மன்றங்களில் சீட்டாடிய யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். பயந்தவன் நல்ல கையைக்கூட ஸ்கூட் விட்டுவிட்டு 20 பாயிண்டைக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் இந்த உண்மையிலிருந்து அவர்கள் தாவும் இடம் இருக்கிறதே, அதுதான் புரட்டு. பயந்த காசு ஜெயிக்காது, ஆகவே பயத்தை எடுத்துவிடு என்கிறார்கள். ஏன்? காசை எடுத்துவிடலாமே! பயம் வராத டேபிளில் உட்காரலாமே!

காசு ஏன் பயப்படுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்கு வேறு சோலி இருக்கிறது, அதனால் பயப்படுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் அது. வீட்டுக்கடன் தவணை அது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மாத்திரைக் காசு அது. கோடீஸ்வரன் 25 - 50 டேபிளில் உட்கார்ந்தால் அவன் கை நடுங்காது. அவன் பயத்தை வென்ற ஞானி என்பதாலா? அந்த ஐயாயிரத்துக்கு அவன் வீட்டில் வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் செக்கானூரணியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். சொந்தக்காரப் பையன் ஒருவன், எனக்குத் தம்பி மகன் முறை, பெங்களூரில் வேலை. பந்தி முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியப்பா, நீங்க பாங்க்ல இருந்தவுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் போன்ல போக்கர் ஆடுறேன். அஞ்சு பத்து டேபிள்ல ஆறு மாசமா பிளஸ்ல இருக்கேன். மேல ஏறலாம்னு பாத்தா கை நடுங்குது."

"எவ்வளவுப்பா வச்சிருக்க?"

"ஆப்ல நாப்பதாயிரம் இருக்கு."

"அடுத்த டேபிள்ல உக்கார எவ்வளவு?"

"அஞ்சாயிரம்."

"மாசத் தவணை ஏதும் இருக்கா?"

"பதினெட்டாயிரம் போகுது பெரியப்பா. வீடியோல என்ன சொல்றாங்கன்னா, ரூபான்னு நெனைக்காத, சிப்ஸுன்னு நெனைன்னு சொல்றாங்க. அது வர மாட்டேங்குது."

வரக்கூடாது தம்பி என்றேன். ரூபாயை மறக்க வைக்கத்தானே சூதாட்ட விடுதிக்காரன் பிளாஸ்டிக் வில்லையைக் கண்டுபிடித்தான்! ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதை மேசையில் விட மனசு வராது. சிவப்பு வில்லையை விட்டுவிடலாம். போனில் வில்லைகூடக் கிடையாது, வெறும் எண். ஆட்டக்காரன் தானே அந்த எண்ணை ரூபாயாக மாற்றிப் பார்த்து நடுங்குகிறான் என்றால் அவனுக்குப் புத்தி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதையும் நிறுத்து என்கிறவன் யாருக்காகப் பேசுகிறான்?

பையனுக்கு ஒரு கணக்கும் சொன்னேன். நாற்பதாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் எட்டு. எட்டு முறை தோற்றால் ஆறு மாச உழைப்பு காலி. நன்றாக ஆடுகிறவனுக்கே தொடர்ந்து எட்டு முறை சறுக்கும் மாதங்கள் போக்கரில் சர்வ சாதாரணம். ஐம்பது சதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர நூறு சதம் சம்பாதிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் தோற்ற ராத்திரியில் யாருக்கும் ஞாபகம் வராது. இன்னொன்று, மேல் டேபிளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கீழ் டேபிளில் ஜெயித்து ஏறியவர்கள். இவன் பணம் பிடுங்கிய ஏமாந்த சோணகிரிகள் அங்கே இருக்க மாட்டார்கள். இவன்தான் அங்கே சோணகிரி. கை நடுங்கியது வெறும் கோழைத்தனம் இல்லை. அவனுக்குத் தெரிந்த இந்த விஷயம் வாய்க்கு வருவதற்குள் கைக்கு வந்துவிட்டது.

சரி, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்களாவது பயத்தை வென்றார்களா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டி பீல் என்று ஒரு பாங்க் முதலாளி. கணக்கில் பெரிய மூளை. 2001-இல் லாஸ் வேகாஸில் பெல்லாஜியோ என்ற விடுதிக்குப் போய், தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோத ஆரம்பித்தார். திறமையில் அவர்கள் தன்னைவிட மேல் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் போட்ட திட்டம் விசித்திரமானது. அவர்களுக்குப் பயம் வருகிற அளவுக்குப் பணயத்தைக் கூட்டுவது. தனக்கோ கோடி கோடியாக இருக்கிறது. அவர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்தது ஆட்டப் பணம் மட்டும். பயந்தால் அவர்கள் ஆட்டம் கெடும், அப்போது ஜெயிக்கலாம். கடைசியில் 50,000 - 1,00,000 டாலர் என்ற அளவுக்கெல்லாம் ஏற்றினார்.

எதிரே இருந்தவர்கள் டாய்ல் பிரன்சன், சிப் ரீஸ், ஜெனிஃபர் ஹார்மன் போன்ற ஜாம்பவான்கள். நம் யூடியூப் வாத்தியார் சொல்கிற மாதிரி அவர்கள் மூச்சை இழுத்து விட்டுப் பயத்தை வென்றிருக்க வேண்டும் அல்லவா? அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் பணத்தை ஒன்றாகப் போட்டார்கள். ஒரு கூட்டு. அந்தக் கூட்டுப் பணத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பீலோடு ஆடுவார். ஜெயித்தாலும் தோற்றாலும் பங்கு. ஆகப் பெரிய பணயத்தில் ஒவ்வொருவர் தலைக்கும் வருவது ஒரு துண்டுதான். நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஏலச்சீட்டு எடுக்கிற புத்திதான் இது. பயத்தைக் கேட்டார்கள், அது சொன்னது நியாயம் என்று பட்டது, பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். 2006 பிப்ரவரியில் கடைசி மோதல். பீல் ஒரு கட்டத்தில் கோடிக்கணக்கில் ஜெயித்தார். பிறகு கூட்டின் சார்பில் ஃபில் ஐவி உட்கார்ந்து மூன்றே நாளில் 1 கோடியே 66 லட்சம் டாலரைப் பிடுங்கினார். ஐவியின் நிதானத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். முழுப் பணமும் அவருடையது இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு.

கிறிஸ் ஃபெர்குசன் என்று இன்னொருவர், 2000-இல் உலகப் பட்டம் வாங்கியவர். கையில் ஒரு டாலர்கூட இல்லாமல் இலவசப் போட்டியில் ஆரம்பித்துப் பத்தாயிரம் டாலர் ஆக்கிக் காட்டினார். அவர் தனக்குத்தானே போட்ட விதி: மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் எந்த டேபிளிலும் வைக்கக்கூடாது. தோற்றுக் கையிருப்பு குறைந்தால் வெட்கப்படாமல் கீழ் டேபிளுக்கு இறங்கிவிட வேண்டும். தைரியம் என்ற சொல்லுக்கு அதில் வேலையே இல்லை. (இதே மனிதர் இயக்குநராக இருந்த ஃபுல் டில்ட் போக்கர் கம்பெனி 2011-இல் ஆட்டக்காரர்கள் போட்டு வைத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் முழித்தது. சொந்தப் பணத்துக்கு ஒரு விதி, ஊரார் பணத்துக்கு ஒரு விதி போலும்.)

பயமே இல்லாத ஆள் வேண்டுமா? ஆர்ச்சி கராஸ். 1992 டிசம்பரில் 50 டாலரோடு லாஸ் வேகாஸ் வந்து, கடன் வாங்கி ஆரம்பித்து, ஜெயிக்க ஜெயிக்கப் பணயத்தை ஏற்றி, ஏறக்குறைய 4 கோடி டாலர் வரைக்கும் போனவர். பாதியில் எழுந்திருக்கத் தெரியாது. 1995-இல் அத்தனையும் போயிற்று. இன்றைக்கும் பிரசங்கிகள் இவரை ஏற்றத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள், இறக்கத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

நான் வேலை பார்த்த தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளை மேலாளருக்கு இவ்வளவு வரைதான் கடன் கொடுக்க அதிகாரம் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் என்றால் காகிதத்தை மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். யாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை. லட்சம் கோடி வைத்திருக்கும் பாங்க்குகளுக்கே ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருக்கிறது. பொதுவாக ஒரே கடனாளியிடம் முதல்நிலை மூலதனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் மாட்டிக்கொள்ளக்கூடாது. இத்தனை பெரிய பாங்க்குக்கு எழுதி வைத்த பயம் வேண்டும், பதினெட்டாயிரம் தவணை கட்டும் பையனுக்கு மட்டும் வேண்டாமாம்!

எண்பதுகளில் எங்கள் கிளையில் மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்டாஃப் ரூமில் ரம்மி நடக்கும். அஞ்சு பைசா ஆட்டம். ஒரு நாள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி உட்கார்ந்து "கால் ரூபாயா வச்சுக்குவோமே" என்றார். ஃபுல் கவுண்ட் 20 ரூபாய். அன்றைக்கு அது ஒரு வீட்டுக்கு வாரக் காய்கறி. அதிகாரி முன்னால் எல்லோரும் தலையாட்டினார்கள். காசாளர் ஒருவர் மட்டும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குச் சோலி கிடக்கு சார்" என்று எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று வெகுநாள் கேலி. அவர் பொண்டாட்டிக்குத்தான் பயந்திருந்தாலும் அது நல்ல பயம்தான். அந்த அறையிலேயே தைரியசாலி அவர்தான் என்று அன்றே எனக்குப் பட்டது. அதிகாரியை எதிர்த்து எழுந்தது அவர் ஒருவர்தானே!

பயத்தைக் கொல்வதால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் பிரசங்கத்தின் ஊற்று தெரியும். ஆன்லைன் போக்கரில் கம்பெனி ஆட வருவதில்லை. ஒவ்வொரு கையிலும் மேசையில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அது நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டு உட்கார்ந்தால் மொத்தம் ஆறாயிரம். அதே பணம் கைமாறிக் கைமாறி ஒரு ராத்திரியில் நாற்பதாயிரத்துக்கு ஆட்டம் நடந்தால் கம்பெனிக்கு இரண்டாயிரம். விடிந்து எழும்போது ஆறு பேரிடமும் சேர்த்து நாலாயிரம்தான் இருக்கும். டேபிள் பெரிதானால் பங்கும் பெரிது. அப்புறம் சர்க்கார். 2023 ஏப்ரலிலிருந்து ஜெயித்த நிகரப் பணத்தில் 30 விழுக்காடு வரிப் பிடித்தம். அதே வருஷம் அக்டோபரிலிருந்து போட்ட பணத்தின் முழு மதிப்புக்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டார்கள். இத்தனையும் தாண்டி ஒருவன் மிச்சம் பார்க்க வேண்டும் என்றால் அவன் எதிரே இருப்பவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு நடந்த விதம் இன்னும் வேடிக்கை. 2020 ஜூலையில் நம் மதுரைக் கிளையில்தான், சீட்டாடியதாகப் பதிவான ஒரு வழக்கை விசாரித்த நீதிபதி பி.புகழேந்தி, ஆன்லைன் ரம்மியால் இளைஞர்கள் அழிவதைச் சுட்டிக்காட்டி, அரசு இதை முறைப்படுத்த வேண்டும் என்றார். நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது, 2021-இல் சட்டமானது. அதை அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் புதுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்ற பட்டியலை நீக்கிவிட்டது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கும் அதில் சண்டையில்லை. மோட்டார் ஓட்டுவதும் திறமைதான், அதனால் பிரேக் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். நடு இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் எச்சரிக்கை வரும், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை. நாளைக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் போடுவேன் என்று ஆட்டக்காரன் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள், இவை எல்லாம் என்ன? கூடத்தில் அப்பா இருமுகிற சத்தம், "இன்னும் தூங்கலையா?" என்று அம்மா கேட்கிற குரல். வீட்டில் இருந்து காணாமல் போன பயத்தைச் சட்டமாக எழுதி வைத்தார்கள். இதை எதிர்த்துத்தான் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ராத்திரி 12 மணிக்கு மேல் கடை திறந்திருக்க அவ்வளவு ஆசை! ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட்டில் மத்திய அரசே ஆன்லைன் பண ஆட்டத்துக்கு மொத்தமாகத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவர, பெரிய கம்பெனிகள் பண டேபிளை எடுத்துவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

தடை வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தப் புலம்பல் என்று நாகமலை அடிவாரத்தில் காலை நடைக்கு வரும் நண்பர் கேட்டார். ஆப் போனாலும் பிரசங்கம் போகவில்லை. 2003-இல் லாட்டரிச் சீட்டை ஒழித்தார்களே, ஒரு நம்பர் ஆட்டம் ஒழிந்ததா? கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பல்கள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைவிட, அதே பேச்சு இப்போது பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பக்கம் குடிபெயர்ந்திருக்கிறது. மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024-இல் செபியே கணக்கு வெளியிட்டது. அங்கேயும் வாத்தியார்கள் சொல்வது "பயத்தை வெல், அளவைக் கூட்டு" என்பதுதான்.

பாரதக் கூத்தில் சூதாட்டக் கட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தருமர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பணயத்தை ஏற்றிக்கொண்டே போனார். பொன், படை, நாடு, தம்பிகள், தான், கடைசியில் பாஞ்சாலி. தைரியத்துக்கு அங்கே குறைவில்லை. பயந்து பேசியவர் விதுரர் ஒருவர். அவருக்குக் கிடைத்தது துரியோதனன் வாயால் வசவு.

நம் மாதிரி ஓய்வுபெற்றவர்களுக்கும் இப்போது போன் வருகிறது. கிராஜுவிட்டி, பி.எஃப். பணம் வந்திருக்கும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள் போல. போன மாதம் எனக்கும் ஒன்று வந்தது. இனிமையான குரல், நல்ல மரியாதை. "சார், நீங்க சின்ன அமவுண்ட்ல ஆரம்பிச்சா லாபம் தெரியாது. பயப்படாம கொஞ்சம் பெரிசா போடுங்க" என்றார். பெல்லாஜியோ ஆட்கள் ஞாபகம் வந்தது. "சரி தம்பி, நான் ஒரு லட்சம் போடுறேன், நீங்களும் ஒரு லட்சம் போடுங்க. லாபமும் நஷ்டமும் பாதிப் பாதி" என்றேன்.

"சார், லைன் சரியில்லை, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.